நன்னீரும் கோட்டையும்: ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை குறித்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத் தீவுகளுள் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடல்நீரேரிக்குள் கலங்கள் நுழையும் வாயிலில், சிறு திட்டு ஒன்றை முழுதும் அடைத்து நிற்கிறது கடற்கோட்டை. ஒல்லாந்தர் அதற்கிட்ட பெயர் ஹமன்ஹீல். பன்றித்தொடையின் குதிப்பகுதி என்பது பொருள். வரைபடத்தில் இலங்கை அவர்களுக்குப் பன்றித்தொடையாகத் தோன்றியது. பெயர்க்காரணத்தைச் சொல்லிவிட்டுப் போர்ச்செய்திக்குச் செல்வதே பொது வழக்கம். ஆயின் இக்கோட்டையின் வரலாற்றைப் பீரங்கியைவிடக் குடிநீரே தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

துறையின் சிறப்பு ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டு, அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் சரக்கில் நாலில் ஒரு பங்கு அரசுக்கு; பிற வணிகக் கலமாயின் சரிபாதி. வணிக விலங்குகளின் வரவை ஊக்குவிக்கும் நோக்கம் இவ்வேறுபாட்டில் வெளிப்படை. பின்னாளில் வன்னி யானைகள் இத்துறைவழியே ஏற்றுமதியாயின. கப்பல்துறையைக் குறிக்கும் ‘காயிஸ்’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லே ஆங்கில வழக்கில் ‘கயிட்ஸ்’ என நின்றது.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பவளப்பாறைக் கற்களால் இக்கோட்டையை எழுப்பினர். நாற்புறமும் கடல் சூழ்ந்தமையால் தரைப்படை நெருங்குதல் அரிது. அவ்வரணே உள்ளிருந்தோர்க்குச் சிறையாகவும் ஆயிற்று. 1658இல் ரைக்லொஃப் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும் மன்னாரையும் கொண்டு யாழ்ப்பாணம் புகுந்தபோது, கடற்கோட்டை ஏறத்தாழ இரண்டு வாரமே தாக்குப்பிடித்தது. நன்னீர் இல்லாமையால் அது பணிந்தது. நிலத்தின்மேல் நின்ற யாழ்ப்பாணக் கோட்டையோ மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகையைத் தாங்கி, சூன் மாதத்தில்தான் வீழ்ந்தது. எதிர்த்த படை ஒன்றே, இடம் வேறு.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் அதே ஒல்லாந்தர் 1613இல் நிறுவிய கெல்டிரியா கோட்டையை இதனோடு ஒப்பிடலாம். அதுவும் நீரேரிக் கரையில் உள்ளது. எனினும் அதன் பின்னே ஓர் ஊரும் நெசவாளர் குடியிருப்புகளும் இருந்தன. அது ஒரு வணிகத் தலைமையகம். கடற்கோட்டை வெறும் பூட்டு. ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் படகோட்டிகளை நம்பிய பூட்டு.

வென்றவர்கள் இப்பாடத்தை மறக்கவில்லை. வடபுற மதிலின் அடித்தளத்தில் போர்த்துக்கேயர் நிரப்பிய மணல் கரைந்து, உள்ளே வெற்றிடம் ஏற்பட்டிருந்ததை 1680ஆம் ஆண்டளவில் கண்டனர். அலை அம்மதிலைச் சரித்துவிடக்கூடும். ஆகவே அவ்வெற்றிடத்தை வளைவுக் கூரையிட்ட அறையாக்கிச் சேமக்கிடங்காகக் கொண்டனர். அதன்மேல் செங்கல் பதித்த நன்னீர்த் தொட்டி கட்டினர். வெளியே கல்லால் அலைத்தடுப்பு அமைத்தனர். பழுதுபார்ப்பு என்று எளிதாகக் கூறிவிடலாகாது. 1658இன் தோல்விக்குக் கட்டடக்கலை தந்த விடை இது. காவலுக்கு இருந்தோர் முப்பதின்மர் அளவினரே. அவ்வளவினர்க்குத் தொட்டி போதுமானது.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமானது. அதன்பின் கடற்கோட்டை சிறையாகவும் பயன்பட்டது. முற்றுகையில் உள்ளிருப்போரை வாட்டிய அதே தனிமை, கைதிகளைக் காப்பதற்கு உதவிற்று. இன்று அது இலங்கைக் கடற்படை நடத்தும் விடுதி.