177ஆவது பாரில் யார் கைவரிசை?

ஹெர்பர்ட் ஃபான் காராயனின் கடைசி ஒலிப்பதிவு 1989 ஏப்ரலில் வியன்னாவில் நடந்தது. வியன்னா பில்ஹார்மோனிக் வாசித்தது அன்டன் புருக்னரின் ஏழாவது சிம்பொனி. அந்த ஜூலையில் காராயன் காலமானார். அவர் எடுத்துக்கொண்டது ராபர்ட் ஹாஸின் பதிப்பு என்று பட்டியல்கள் சொல்கின்றன. தட்டைச் சுழலவிட்டால், இரண்டாம் பகுதியான அடாஜியோவின் உச்சத்தில் சிம்பல் ஒரே ஒருமுறை ஓங்கி மோதுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஹாஸ் அச்சிட்ட ஏழாவது சிம்பொனியில் சிம்பலுக்கு இடமே இல்லை.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படைப்பில் சிம்பல்காரருக்கு இந்த ஒரு அடிதான் வேலை. சில தட்டுகளில் அது உண்டு, சிலவற்றில் இல்லை. புருக்னர் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் எந்த இசைக்குழு என்று கேட்பதற்கு முன்பே எந்தப் பதிப்பு என்று கேட்பது இதனால்தான். உறை சொல்வதையும் காது கேட்பதையும் ஒரு நோட்டில் எதிரெதிராக எழுதி வந்தேன். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. அந்த அடியை அங்கே வைத்தது யார் என்ற கேள்வி அப்படித்தான் பிடித்துக்கொண்டது.

முதலில் நாள் கணக்கு. சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியது 1884 டிசம்பர் 30 அன்று, லைப்சிக் நகரில். நடத்தியவர் ஆர்தர் நிகிஷ். பதினோரு நாள் கழித்து, 1885 ஜனவரி 10 அன்று, புருக்னரின் மாணவர் யோசெஃப் ஷால்க் தம் தம்பி ஃப்ரான்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தாமும் ஃபெர்டினாண்ட் லோவேயும் புருக்னரோடு உட்கார்ந்து ஸ்கோரில் சில திருத்தங்களைப் பார்த்ததாகச் சொல்கிறார். தாங்கள் விரும்பிய சிம்பல் அடியையும், கூடவே டிரையாங்கிள், டிம்பனி ஆகியவற்றையும் அடாஜியோவில் சேர்க்கவேண்டும் என்று நிகிஷ் பிடிவாதமாக நின்றாராம். அதில் தங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி என்றும் எழுதுகிறார். யோசனை மாணவர்களுடையது, வற்புறுத்தல் நடத்துநருடையது என்பது இதிலிருந்தே தெரிகிறது. புருக்னர் என்ன சொன்னார் என்பதற்கு இந்தக் கடிதத்தில் விடை இல்லை.

அடுத்த சான்று கையெழுத்துப் படி. தம் மூலப் படிகள் வியன்னாவின் அரசவை நூலகத்துக்குச் சேரவேண்டும் என்று புருக்னர் உயில் எழுதிவைத்தார். இன்றைய ஆஸ்திரிய தேசிய நூலகம் அதுதான். அடாஜியோவின் 177ஆவது பார் வரும் பக்கத்தில் தாளக் கருவிகளுக்கான வரிகள் மூலத்தாளில் இல்லை. தனியாக ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. அந்தத் துண்டின் மேல் பென்சிலில் கேள்விக்குறிகளும், ‘செல்லாது’ என்ற பொருளில் இரண்டு ஜெர்மன் சொற்களும் இருக்கின்றன. வழக்கு முழுவதும் அந்தப் பென்சில் கீறலில் வந்து நிற்கிறது.

அது புருக்னரே எழுதியது என்று ஹாஸ் கொண்டார். மாணவர்களும் நண்பர்களும் செய்த இடைச்செருகல்களை நீக்கி மூலத்தை மீட்பதே அவர் ஏற்றிருந்த பணி. 1944இல் வெளிவந்த அவருடைய பதிப்பில் சிம்பல் போனது. போருக்குப் பின் அவர் இடத்துக்கு வந்த லியோபோல்ட் நோவாக் அந்தக் கையெழுத்து புருக்னருடையது அல்ல என்று முடிவு செய்தார். 1954இல் வந்த நோவாக் பதிப்பில் சிம்பல் திரும்பிவிட்டது. ஒரே பக்கத்தைப் பார்த்த இரண்டு அறிஞர்கள் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு தீர்ப்பு எழுதினார்கள்.

இனி ஒலிப்பதிவுகளின் சாட்சியம். முதன்மைச் சாட்சியான நிகிஷிடம் கேட்க வழியில்லை. 1913இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைப் பதிவு செய்த அவர் புருக்னரைப் பதிவு செய்யாமலேயே 1922இல் இறந்தார். 1924இல் ஆஸ்கர் ஃப்ரீட் ஏழாவதை முழுமையாகப் பதிவு செய்தார். அது மைக்ரோஃபோன் வருவதற்கு முந்தைய பதிவு. வாத்தியக்காரர்கள் ஒரு கூம்புக் குழலின் முன் நெருக்கியடித்து நின்று வாசித்த காலம். சிம்பல், டிம்பனி போன்றவற்றை அந்தக் குழல் ஒழுங்காகப் பிடிக்காது. அப்படிப்பட்ட தட்டில் சிம்பல் கேட்கவில்லை என்பதை வைத்து அடிக்கவில்லை என்று முடிவு கட்ட முடியாது. 1928இல் யாஷா ஹோரன்ஸ்டைன் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு செய்தது மைக்ரோஃபோன் பதிவு. அதன் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம்.

இந்த இருவர் கையிலும் இருந்திருக்கக்கூடிய அச்சு நூல் ஒன்றுதான். அது 1885இல் குட்மன் வெளியிட்ட முதல் பதிப்பு. அதில் சிம்பல் உண்டு. ஆகவே 1944க்கு முந்தைய பதிவு ஒன்றின் உறையில் ஹாஸ் பெயர் அச்சாகியிருந்தால் அங்கேயே சந்தேகம் வரவேண்டும்.

ஒப்பிடும்போது கடிகாரத்தை நம்பினால் ஏமாறுவோம். ஒருவர் அடாஜியோவை இருபது நிமிடத்துக்குள் முடிப்பார், இன்னொருவர் இருபத்தைந்தைத் தொடுவார். பழைய 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் சொச்சம்தான். அடாஜியோ ஐந்தாறு பக்கங்களில் துண்டுபட்டுக் கிடக்கும். ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு வயலின்களைத் தொடர்வதுதான் வழி. ஒரு துடிப்புக்கு ஆறு ஸ்வரமாக வயலின்கள் இடைவிடாமல் சுற்றிக்கொண்டிருக்க, அடியில் பித்தளை வாத்தியங்கள் படிப்படியாக மேலேறும். ஏறி முடிந்து சி மேஜர் திறக்கும் இடம்தான் 177ஆவது பார்.

அந்த ஒரு கணத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டால் கட்சிகள் பிரிந்துவிடும். ஓய்கன் யோகும் 1964இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு பதிவு செய்ததில் நோவாக் சொன்னபடி சிம்பல் விழுகிறது. குண்டர் வாண்ட் அதே இசைக்குழுவோடு 1999இல் வாசித்ததில் அடி இல்லை. பித்தளை வாத்தியங்களின் முழக்கமே உச்சம். வாண்ட் கடைசிவரை ஹாஸ் கட்சி. காராயனோ ஹாஸ் நூலை வைத்துக்கொண்டு இந்த இடத்தில் மட்டும் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார். இதிலிருந்து சேகரிப்பாளர் கற்கவேண்டியது ஒன்று உண்டு. உறையில் இருக்கும் பதிப்பின் பெயர், நடத்துநர் எந்த நூலைத் திறந்தார் என்பதற்குச் சான்று. என்ன வாசித்தார்கள் என்பதற்குக் காதுதான் சான்று.

மூலக் கேள்விக்கு என் விடை இது. அடி மாணவர்களின் யோசனை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சிம்பலோடு நூல் அச்சானபோது புருக்னர் உயிரோடு இருந்தார். 1896இல் இறக்கும்வரை, பதினோரு ஆண்டுகள், அந்த அச்சு நூல்தான் ஊர் ஊராகப் போயிற்று. வருங்காலத்துக்கென்று நூலகத்துக்கு எழுதிவைத்த படியிலும் அந்தத் துண்டுத்தாளை அவர் கிழித்துப் போடவில்லை. பிறர் சொல்லி ஒருவர் ஏற்றுக்கொண்ட திருத்தம் அவருடைய படைப்பின் பகுதியே என்று நான் கொள்கிறேன். பென்சில் கீறல் யாருடையது என்று ஐயமறத் தெரியும்வரை நோவாக் பக்கமே சாய்வேன். வாண்டின் தட்டை அதற்காக ஒதுக்கவும் மாட்டேன். சிம்பல் இல்லாமலும் அந்த உச்சம் நிற்கும் என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி என் அலமாரியில் இல்லை.