தப்பான ஆளைத் துரத்திய எஃப்.பி.ஐ.

உளவாளிக் கதைன்னாலே எல்லாருக்கும் ஜேம்ஸ் பாண்டுதான் ஞாபகத்துக்கு வருவார். எனக்கென்னவோ உளவாளியைவிட அவனைப் பிடிக்கிறவங்க கதைதான் பிடிக்கும். அதிலும் எஃப்.பி.ஐ. கோட்டை விட்ட இந்தக் கதை இருக்கே, படிச்சதிலிருந்து மனசை விட்டுப் போகமாட்டேங்குது.

1994-ல் ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற சி.ஐ.ஏ. அதிகாரி பிடிபட்டார். 1985-லிருந்து சோவியத் ஆட்களுக்கு ரகசியம் விற்றவர். இவரை மாட்டிவிட்டதில் பெரிய பங்கு பேங்க் கணக்குக்குத்தான். ரஷ்யத் தூதரக ஆளோடு சாப்பிட்ட தேதிகளையும் பேங்கில் பணம் கட்டிய தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அச்சாகப் பொருந்தியது.

ஆனால் கசிந்த சில ரகசியங்கள் ஏம்ஸ் கணக்கில் சேரவில்லை. ஃபெலிக்ஸ் பிளாக் என்ற வெளியுறவுத்துறை அதிகாரியை 1989-ல் எஃப்.பி.ஐ. விசாரிக்க ஆரம்பித்ததுமே கே.ஜி.பி. அவரை உஷார்படுத்திவிட்டது. கடைசிவரை அவர்மேல் வழக்கே போட முடியவில்லை. அப்படியானால் உள்ளே இன்னொரு கறுப்பு ஆடு இருக்கிறது. யார்?

பிரையன் கெல்லி என்ற சி.ஐ.ஏ. அதிகாரி மேல் சந்தேகம் விழுந்தது. கொடுமை என்னன்னா, பிளாக் விவகாரத்துக்கு முதல் துப்பு கொடுத்ததே இவர்தான்!

வீட்டை ரகசியமாகச் சோதனை போட்டார்கள். பக்கத்துப் பூங்காவின் வரைபடம் ஒன்று கிடைத்தது, அதில் நேரக் குறிப்புகள். 'ஆகா, ரகசியப் பொட்டலம் வைக்கிற இடம்' என்று முடிவு கட்டினார்கள். மனுஷன் ஓடப்போகிற கணக்கைக் குறித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். உண்மை கண்டறியும் கருவியில் உட்கார வைத்தார்கள். தேறினார். 'பாருய்யா, எவ்வளவு கைதேர்ந்த ஆள்' என்றார்கள். ரஷ்ய ஆள் மாதிரி ஒருவரை வீட்டுக்கு அனுப்பி 'மாட்டிக்கிட்டீங்க, தப்பிச்சுடுங்க' என்று சொல்ல வைத்தார்கள். மறுநாளே ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டார். அதையும் நடிப்பு என்றார்கள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்!

1999 ஆகஸ்டில் நேரடியாகக் குற்றம் சாட்டி, வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். சி.ஐ.ஏ.விலேயே வேலை பார்த்த அவர் மகளிடமும் போய் 'உங்கப்பா உளவாளி' என்றார்கள். ஒரு மகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2000-ல் முன்னாள் கே.ஜி.பி. ஆள் ஒருவரிடமிருந்து 70 லட்சம் டாலர் கொடுத்து அந்த உளவாளியின் கோப்பை வாங்கினார்கள். கெல்லியின் குரலைக் கேட்கும் ஆசையில் ஒலிநாடாவைப் போட்டால், வேறு குரல்! எங்கேயோ கேட்ட குரல். உளவாளி அடிக்கடி சொன்ன, ஜெனரல் பேட்டனின் கொச்சையான வசனம் ஒன்றை விசாரணை அதிகாரி ஒருவர் அடையாளம் கண்டார். பொட்டலம் கட்டிய குப்பைப் பையில் இருந்த கைரேகையும் பொருந்தியது. ராபர்ட் ஹான்சன், எஃப்.பி.ஐ.யின் சொந்த ஆள்! 2001 பிப்ரவரி 18 அன்று வர்ஜீனியாவில் ஒரு பூங்காவில் பொட்டலம் வைத்தபோது பிடித்தார்கள். 2002-ல் ஆயுள் தண்டனை. 2023-ல் சிறையிலேயே இறந்தார்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. 25 வருஷ சர்வீஸில் ஹான்சனை அந்தக் கருவியில் ஒருமுறைகூட உட்கார வைக்கவில்லை. எஃப்.பி.ஐ.யிலேயே இருந்த அவர் மச்சான், வீட்டில் கணக்கில்லாத பணம் கிடக்கிறது என்று 1990-லேயே சொல்லியும் யாரும் கண்டுக்கலை. 'நம்ம ஆள் செய்யமாட்டான்' என்ற நினைப்புதான். 2003-ல் வந்த நீதித்துறை அறிக்கையும் எஃப்.பி.ஐ. தன் வீட்டுக்குள் தேடாமல் விட்டதைச் சுட்டிக்காட்டியது.

ஏம்ஸ் விஷயத்தில் தேதிகள் போய் ஆளைக் காட்டின. கெல்லி விஷயத்தில் ஆளை முடிவு பண்ணிவிட்டு ஆதாரம் தேடினார்கள். அப்படித் தேடினால் நீங்களும் நானும்கூட உளவாளிதான் :-)

எஃப்.பி.ஐ. பிறகு மன்னிப்புக் கேட்டது. கெல்லி திரும்ப வேலையில் சேர்ந்து, 2011-ல் காலமானார். ஒலிநாடாவில் அந்தக் குரல் மட்டும் தெளிவாக இல்லாமல் போயிருந்தால்? நினைக்கவே பயமா இருக்கு.