டாக்டர் பட்டத்துக்கு உரியார் யார்?

'டாக்டர்' எனக் கேட்டதும் நம் பிள்ளைகள் ஊசியையும் மருந்தையுமே நினைக்கின்றனர். ஆயின், இச்சொல்லின் இலத்தீன் வேருக்குக் 'கற்பித்தல்' என்பதே பொருள். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இறையியல், சட்டம், மருத்துவம் ஆகியவற்றைக் கற்பிக்கத் தகுதி பெற்றோர் இப்பட்டம் தாங்கினர்.

உ. வே. சாமிநாதையர் மாணவராகக் கல்லூரிப் படி ஏறியவரல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். ஓலைச்சுவடிகளை ஆராய்ந்து, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

கௌரவப் பட்டத்தைப் பெயருக்கு முன் இடுதல் மரபன்று என்பர். தேர்வெழுதிப் பட்டம் பெற்று, அதனாலேயே அலுவலகத்தில் இடம்பெற்ற நாமும் அதனை மதிக்கிறோம். ஆயினும், கற்பித்தலே அச்சொல்லின் உயிரெனில், அவரினும் உரியார் எவர்? அயல் மாநிலத்தில் வளரும் நம் மக்களுக்குத் தமிழ் சொல்லித் தரும்பொழுது இதனையும் சொல்லுவோம்.