நண்டின் வயிறு

ஜமுனாமரத்தூரிலிருந்து பீமன் அருவிக்குப் போகும் வழியில், சாமைக் காட்டை ஒட்டி ஓர் ஓடை. மழை விட்ட ஒரு காலையில் அங்கே ஓர் அக்கா கல்லைப் புரட்டி நண்டு பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாருக்கோ சளி, ரசம் வைக்க வேண்டுமாம். ஒரு நண்டை மல்லாத்திப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு தம்பி.”

வயிற்றோடு மடிந்திருந்த மடலை நகத்தால் லேசாக நெம்பினார். உள்ளே மிளகு மிளகாக, காலும் கொடுக்குமாக, குட்டி நண்டுகள் நெளிந்தன.

“குஞ்சு வந்தா தாய் செத்துடும்னு சொல்வாங்களே அக்கா?”

“யாரு சொன்னா? அதுங்க எறங்கிப் போயிடும். இது மறுபடி முட்ட வைக்கும்.” தண்ணீரில் விட்டுவிட்டார்.

யார் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும். ஔவையார் பெயரில் வழங்கும் நல்வழியின் 36ஆம் பாட்டு. நண்டு, சிப்பி, மூங்கில், வாழை நான்கும் அழியப்போகும் காலத்தில்தான் ஈனும் என்று அது வரிசை போடுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தது. மூங்கிலும் வாழையும் சரி. மூங்கில் பூத்தால் பட்டுப்போகும், குலை தள்ளிய வாழையை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் நண்டு?

நாம் நண்டின் வயிறு என்று நினைப்பது உண்மையில் அதன் வால். இறாலுக்குப் பின்னால் நீளும் அதே பகுதி, நண்டில் தட்டையாகி நெஞ்சுக்கு அடியில் மடிந்துகொண்டது. ஆணுக்குக் குறுகல், பெண்ணுக்கு அகலம். பெண் நண்டின் மடலுக்குள்ளே மயிர் அடர்ந்த சிறு கால்கள் உண்டு. முட்டை உடம்பைவிட்டு வெளியே வந்து அந்த மயிரில் ஒட்டிக்கொள்கிறது. கடல் நண்டு லட்சக்கணக்கில் முட்டையிட்டு, நண்டு போலவே இல்லாத இளம் உயிர்களை அலையில் விட்டுவிடும். ஓடை நண்டால் அது முடியாது, வெள்ளம் அடித்துப் போய்விடும். அதனால் கொஞ்சமாக, பெரிய முட்டைகள். குஞ்சு முட்டைக்குள்ளேயே முழு நண்டாகி வெளிவருகிறது, சில நாள் தாயின் மடலுக்குள்ளேயே தங்குகிறது. வயிறு எதுவும் கிழிவதில்லை.

இந்த உடம்பு உலகப் புத்தகங்களில் ஏறிய கதை தனி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சி.எஸ். ஜான் போன்றவர்கள் இங்குள்ள உயிரினங்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில்தான், 1794இல், பெர்லின் பாதிரியார் ஹெர்ப்ஸ்ட் நம் வயல் நண்டு ஒன்றுக்கு ‘நீரில் ஓடுபவன்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார். 1798இல் ஃபாப்ரீசியஸ் இன்னொன்றுக்கு லத்தீனில் ‘கிழவன்’ என்று வைத்தார். 1910இல் ஆல்ஃபிரட் ஆல்காக், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் நன்னீர் நண்டுகளுக்கு ஒரு பட்டியலே போட்டார். எல்லாம் செத்த நண்டுகள். ஓட்டை அளக்கலாம், அதற்குள் வாழ்ந்ததை அளக்க முடியாது.

நண்டின் எலும்பு வெளியே இருக்கிறது. ஓடு வளராது. வளர வேண்டுமென்றால் சட்டையைக் கழற்ற வேண்டும். ஓட்டின் பின்பக்கம் பிளந்து, நண்டு பின்னோக்கி நழுவி வெளியே வரும். காலின் உறை, கண்ணின் உறை, இரைப்பைக்குள் இரையை அரைக்கும் பற்கள் உட்பட எல்லாம் பழைய சட்டையோடு போய்விடும். தண்ணீரை உறிஞ்சி உப்பி, புது ஓடு இறுகும்வரை வளையில் ஒளிந்திருக்கும். ஓடையோரம் கிடக்கும் அந்த வெற்றுக்கூட்டைப் பாருங்கள். பிளந்து செத்த நண்டு என்றுதான் தோன்றும். பக்கத்தில் குஞ்சுகளும் திரிந்தால்? பாட்டில் வரும் நம்பிக்கை இப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் ஊகம்.

சட்டை கழற்றும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது எது? கண் காம்பு. 1905இல் சார்லஸ் ஸெலனி பிடில் நண்டின் கண் காம்பை நீக்கியபோது, அது சீக்கிரமே சட்டை கழற்றியது. 1943இல் பானூஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இறாலில் அதையே செய்தபோது, சினைப்பை பருத்தது. கண்ணுக்கு அடியில் ஒரு சுரப்பி, ‘இப்போது வேண்டாம்’ என்று உடம்பைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது ஃபாப்ரீசியஸின் அதே ‘கிழவன்’ நண்டை வைத்துத்தான்.

அந்த அறிவு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில், சீக்கிரம் முட்டையிட வேண்டும் என்பதற்காகத் தாய் இறாலின் ஒரு கண் காம்பை வெட்டுவது உலகமெங்கும் வழக்கமானது. ஒன்றைத்தான் வெட்டுவார்கள். இரண்டையும் எடுத்தால் பிழைக்காது.

பிள்ளை பெற்றதால் எந்த நண்டும் சாகவில்லை. பிள்ளை பெற வேண்டும் என்பதற்காக ஒரு தாயின் கண்ணை எடுத்தது நாம்தான். இறால் தொக்கு எனக்கும் பிடிக்கும். மலையிலிருந்து இறங்கிய பிறகும், மடலை மூடி அந்த நண்டைத் தண்ணீரில் விட்ட கைதான் நினைவில் நிற்கிறது. அந்த அக்காவுக்கு அன்று ரசத்துக்கு ஒரு நண்டு குறைவு.