பார்பியானாப் பள்ளியும் 1977-ஆம் ஆண்டுச் சட்டமும்

உள்ளடக்கிய கல்வி என்னும் சொல் இன்று அரசாணைகளிலும் ஆசிரியர் பயிற்சி நூல்களிலும் அடிக்கடி இடம்பெறுகிறது. பார்வையற்ற குழந்தையும், செவித்திறன் குறைந்த குழந்தையும், அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தையும் தம் வயதொத்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து கற்க வேண்டும் என்பதே அதன் பொருள். 1994-இல் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பேராளர்கள் கூடி இதனைப் பொதுக் கொள்கையாக அறிவித்தனர். அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே இத்தாலி இதைச் சட்டமாக்கியிருந்தது. அச்சட்டத்தின் வேர்களைத் தேடிச் செல்வோர், மலைமேல் இருந்த ஓர் ஏழைப் பங்கின் குருமனைக்கும் சென்று சேர்வர்.

பிளாரன்சு நகரின் செல்வக் குடும்பம் ஒன்றில் 1923-இல் பிறந்தவர் லொரென்சோ மிலானி. 1943-இல் மனமாற்றம் பெற்றுக் குருமடம் புகுந்த அவர், 1947-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கலென்சானோவில் உதவிப் பங்குத்தந்தையாயிருந்தபோது தொழிலாளருக்கும் உழவருக்கும் இரவுப் பள்ளி நடத்தினார். கட்சி வேறுபாடு பாராமல் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார். அது சிலருக்கு உவப்பாயில்லை. 1954 டிசம்பரில் அவர் பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டார். சாலை இல்லை, மின்சாரம் இல்லை, குழாய் நீர் இல்லை. மலைச்சரிவில் சிதறிக் கிடந்த சில குடும்பங்களே பங்குமக்கள். ஆயரகத்தின் இடமாற்ற ஆணைகளை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அவரோ, வந்தவுடனேயே அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஓர் இடத்தை விலைக்கு வாங்கிவிட்டார்.

குருமனையிலேயே பள்ளி தொடங்கிற்று. அரசுப் பள்ளியில் தேர்ச்சி பெறாமல் துரத்தப்பட்ட உழவர் பிள்ளைகளே மாணவர். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் படிப்பு, விடுமுறை இல்லை. நாளிதழை வரிவரியாகப் படித்துப் பொருள் தேடினர். மூத்தவர் இளையவருக்குக் கற்பித்தனர். பின்தங்கிய மாணவன் ஒருவன் புரிந்துகொள்ளும்வரை மற்றவர் காத்திருந்தனர். சுவரில் 'ஐ கேர்' என்னும் ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. எனக்கு இதில் அக்கறை உண்டு என்பது அதன் பொருள்.

அக்காலத்து இத்தாலியப் பள்ளியமைப்பைச் சிறிது காண்போம். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், ஏறத்தாழப் பதினொரு வயதில், பிள்ளைகளின் வழி இரண்டாகப் பிரிந்தது. ஒரு வழி இலத்தீன் கற்பித்து மேற்படிப்புக்கு இட்டுச் சென்றது, மற்றது தொழிலுக்கு. 1962 டிசம்பர் 31-ஆம் நாளிட்ட சட்டம் இப்பிரிவினையை நீக்கி, அனைவருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளியை அமைத்தது. ஆனால் அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பள்ளிக்குப் பொருந்தாத மாணவர்களுக்கெனத் தனி வகுப்புகள் அமைக்க இடமளித்தது. முன்வாயில் திறந்தபோதே பின்வாயிலும் திறக்கப்பட்டது! அறிவுக் குறைபாடுள்ள குழந்தைகள் மட்டுமல்லர், தென்னித்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வடபுல நகரங்களுக்கு வந்த ஏழைகளின் குழந்தைகளும் அவ்வகுப்புகளில் அடைக்கப்பட்டனர். வட்டாரப் பேச்சு கூட ஒரு குறைபாடாகக் கொள்ளப்பட்டது.

1967 மே மாதத்தில் பார்பியானா மாணவர் எண்மர், தம்மைத் தோல்வியுறச் செய்த ஆசிரியை ஒருவருக்கு எழுதிய கடிதமாக ஒரு நூலை வெளியிட்டனர். தேர்ச்சியின்மை யார் தலையில் விழுகிறது என்பதைப் புள்ளிவிவரங்களோடு எடுத்துக்காட்டிய நூல் அது. விழுந்ததெல்லாம் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள்மேல். அடுத்த மாதம் 26-ஆம் நாள், 44-ஆம் வயதில், மிலானி இறந்தார். 1958-இல் திருச்சபை அதிகாரிகள் அவருடைய மேய்ப்புப்பணி நூலொன்றை விற்பனையிலிருந்து விலக்கச் செய்திருந்தனர். 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிசு அவரது கல்லறைமுன் நின்று செபித்தார்.

அக்கடிதம் மாற்றுத்திறனுள்ள குழந்தைகளைப் பற்றி எழுதப்பட்டதன்று. ஆயினும் அது எழுப்பிய வினாவை ஏழைகளோடு நிறுத்த இயலவில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டம், மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர் நீங்கலாக, ஏனையோர் பொது வகுப்புகளிலேயே கட்டாயக் கல்வி பெற வேண்டும் என்றது. 1975-இல் பிராங்கா பால்குச்சி தலைமையிலான குழு, பள்ளிதான் குழந்தைக்கேற்ப மாற வேண்டும் என்னும் போக்கில் அறிக்கை தந்தது. அவர் கிறித்தவச் சனநாயகக் கட்சியினர். பின்னர் 1977 ஆகஸ்டு 4-ஆம் நாளிட்ட 517-ஆம் எண் சட்டம் தனி வகுப்புகளை ஒழித்தது. துணையாசிரியர்களை வகுப்புக்குள் கொணர்ந்தது. மாற்றுத்திறனுள்ள மாணவர் பயிலும் நடுநிலை வகுப்பில் இருபது பேருக்கு மேல் இருத்தலாகாது என்றும் வரையறுத்தது.

அதே சட்டம் கட்டாயக் கல்விப் பள்ளிகளில் எண் மதிப்பெண்களையும் மறுதேர்வையும் நீக்கியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. என் கருத்தில் அச்சட்டத்தின் உயிர்நாடி இங்கேதான் உள்ளது. மதிப்பெண்ணால் பிள்ளைகளைச் சலித்தெடுக்கும் பள்ளியில், மெதுவாகக் கற்கும் குழந்தைக்கு இருக்கை தரலாம். இடம் தர இயலாது. நம் பள்ளிகளின் வாயிலில் நூறு விழுக்காட்டுத் தேர்ச்சி என்று தட்டி வைக்கிறோம். அந்த நூறைக் காப்பதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றவர்கள் அத்தட்டியில் இடம்பெறுவதில்லை.

பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் துறவற சபைகள் பல தலைமுறைகளாக நடத்திய தனி இல்லங்களை நான் இகழவில்லை. வேறு எவரும் ஏறெடுத்தும் பாராத காலத்தில் அக்குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் அவர்களே. ஆனால் எரிகோ சாலையில் பர்த்திமேயுவைக் கூட்டம் அதட்டியபோது, இயேசு அவனுக்கு ஓரத்தில் ஒரு நல்ல இடம் அமைத்துத் தரவில்லை. நின்று, அருகில் அழைத்தார். அதட்டிய கூட்டமே அவனைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

பின்னர் 1987-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இவ்வுரிமையை மேனிலைப் பள்ளிக்கும் உறுதிசெய்தது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் மழலையர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை விரித்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டமோ நம்மவர்க்கு நேரே உரியது: அரசுப் பள்ளிக்கு நிகரான தகுதி வேண்டும் தனியார் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளி உட்பட, மாற்றுத்திறனுள்ள பிள்ளையைச் சேர்க்க மறுத்தலாகாது.

குறைகள் இன்றும் உண்டு. துணையாசிரியர் சட்டப்படி முழு வகுப்புக்கும் ஆசிரியர். நடைமுறையில் அக்குழந்தையை மட்டும் அழைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குச் சென்றுவிடுவதும் நடக்கிறது. உரிய பயிற்சி பெறாதோரும் அப்பணியில் அமர்த்தப்படுகின்றனர். இதைச் சுட்டி, தனி வகுப்புகளே நன்று என்போர் அவ்வப்போது எழுகின்றனர். 2024-இல் ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் நின்ற படைத்தலைவர் ஒருவர் அவ்வாறு பேசியபோது, கட்சி எல்லைகளைக் கடந்து கண்டனம் எழுந்தது.