உரோமைப் பேரரசின் வீழ்ச்சிக்குக் கிறிஸ்தவம்தான் காரணமா?



ஆண்டுதோறும் ஆகஸ்ட் 28-ஆம் நாள் ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தினாரின் விழாவைத் திருச்சபை கொண்டாடுகிறது. கி.பி. 430-இல் அவர் இறந்த நாள் அது. அவர் நோயுற்றுப் படுத்திருந்தபோது வாண்டல் இனப் படைகள் அவருடைய நகரை முற்றுகையிட்டிருந்தன. அல்ஜீரியா நாட்டில் இன்று அன்னாபா என்று அழைக்கப்படும் அந்தத் துறைமுக நகரம், மறு ஆண்டே எதிரிகளின் கைக்குப் போனது. என்றும் அழியாது என்று உலகமே நம்பியிருந்த ஒரு பேரரசு சரியத் தொடங்கியதைக் கண்ணால் கண்டவர் அகுஸ்தினார். "இதற்குக் காரணம் கிறிஸ்தவர்களே" என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. இன்றும் அது ஓயவில்லை. வரலாறு என்ன சொல்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

குற்றச்சாட்டு எழுந்த விதம்

கி.பி. 410 ஆகஸ்ட் 24-ஆம் நாள் அலாரிக் என்ற தலைவனின் கீழ் கோத் இனப் படையினர் உரோமை நகருக்குள் புகுந்து மூன்று நாள்கள் கொள்ளையடித்தனர். ஏறத்தாழ 800 ஆண்டுகளாக எந்த அயல் படையும் அந்நகருக்குள் நுழைந்ததில்லை. செய்தி கேட்டு உலகமே திகைத்தது. பெத்லகேமில் இருந்த புனித எரோணிமுஸ், துயரத்தால் தம் மறைநூல் விளக்கப் பணியைத் தொடர இயலாமல் தவித்தார். அதற்குச் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்னர்தான் பேரரசர் தியோடோசியுஸ் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதைத் தடைசெய்திருந்தார். "முன்னோரின் தெய்வங்களைக் கைவிட்டோம், அவை நம்மைக் கைவிட்டன" என்று பலர் பேசத் தொடங்கினர்.

இதற்குப் பதிலாகவே அகுஸ்தினார் 'கடவுளின் நகர்' என்ற நூலை 413-இல் எழுதத் தொடங்கி, 426-இல் 22 பகுதிகளாக முடித்தார். பின்னர் 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன், பொறுமையைப் போதித்த கிறிஸ்தவமும் துறவற வாழ்வும் உரோமையரின் போர்க்குணத்தைக் குறைத்துவிட்டன என்று எழுதியபோது, பழைய குற்றச்சாட்டு புது வடிவம் பெற்றது.

நோய் முன்பே தொடங்கியது

ஆனால் பேரரசின் தளர்ச்சி கிறிஸ்தவர்கள் கையில் அதிகாரம் வருவதற்கு வெகு முன்னரே தொடங்கிவிட்டது. கி.பி. 235 முதல் 284 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் 20-க்கும் மேற்பட்ட பேரரசர்கள் மாறி மாறி வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சொந்தப் படையினராலோ போட்டியாளர்களாலோ கொல்லப்பட்டனர். எல்லையைக் காக்க வேண்டிய படைகள் அரியணைக்காகத் தங்களுக்குள் போரிட்டன.

நற்செய்தியில் நாம் வாசிக்கும் தெனாரியம், அகுஸ்து சீசர் காலத்தில் ஏறக்குறைய தூய வெள்ளியாக இருந்தது. செலவு கூடக்கூட, ஆட்சியாளர்கள் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினர். கி.பி. 270 அளவில், வெள்ளிக்காசு என்று புழங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. விலைவாசி ஏறியது. 301-இல் பேரரசர் தியோக்ளேசியன் பொருள்களுக்கு உச்ச விலை விதித்து ஆணையிட்டும் பயனில்லை. இவற்றோடு 165-லும் 249-லும் தொடங்கிய பெரும் கொள்ளைநோய்கள் மக்கள்தொகையைக் குறைத்தன.

அந்நாள்களில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். 250-இல் தேசியுஸ் காலத்திலும், 303-இல் தியோக்ளேசியன் காலத்திலும் வேட்டையாடப்பட்டவர்கள். கார்த்தேஜ் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, ஆயர் புனித சிப்ரியான் தம் மக்களை நோயாளிகளுக்குப் பணிபுரியத் தூண்டினார். 313-இல்தான் மிலான் ஆணை வழியாக நமக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது.

அடைக்கலம் தேடி வந்தவர்கள் எதிரிகளானது

தியோக்ளேசியனும் கான்ஸ்டன்டைனும் பேரரசை மீண்டும் நிலைநிறுத்தியது உண்மை. ஆனால் பெரிய படைக்கும் பெருகிய அதிகாரிகளுக்கும் ஆன செலவு, குடிமக்கள் தலையில் வரியாக இறங்கியது.

376-ஆம் ஆண்டு ஹூணர்களுக்கு அஞ்சி ஓடிவந்த கோத் இனத்தார், குடும்பம் குடும்பமாக டான்யூப் நதிக்கரையில் நின்று உரோமையிடம் அடைக்கலம் கேட்டனர். பேரரசர் வாலன்ஸ் அனுமதித்தார். ஆனால் அவர்களுக்கு உணவு வழங்க வேண்டிய அதிகாரிகள் அதைக் கொண்டு கொள்ளை லாபம் பார்த்தனர். நாய் இறைச்சிக்காகப் பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்கும் நிலைக்கு அம்மக்களைத் தள்ளினர் என்று, அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் எழுதி வைத்திருக்கிறார். இவர் கிறிஸ்தவர் அல்லர். உரோமைப் படையில் பணியாற்றியவர். பசித்தவர்கள் ஆயுதம் எடுத்தனர். 378 ஆகஸ்ட் 9 அன்று ஹாட்ரியானோபிள் போரில் வாலன்ஸ் மடிந்தார். படையின் மூன்றில் இரு பங்கு அழிந்தது.

408-இல் இதே தவறு மீண்டும் நிகழ்ந்தது. தளபதி ஸ்டிலிக்கோ கொல்லப்பட்டார். உரோமைப் படையில் பணிபுரிந்த அயல் இன வீரர்களின் மனைவி மக்கள் இத்தாலிய நகரங்களில் படுகொலை செய்யப்பட்டனர். அந்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் அலாரிக்கிடம் போய்ச் சேர்ந்தனர். இரண்டே ஆண்டுகளில் உரோமை கொள்ளைபோனது.

கருவூலம் வற்றியது

406-ஆம் ஆண்டின் இறுதியில் வாண்டல், ஆலன், சுவேபி இனத்தார் ரைன் நதியைக் கடந்தனர். 439-இல் கார்த்தேஜ் வாண்டல்கள் வசமானது. உரோமைக்குத் தானியமும் வரியும் தந்த வளமான பகுதி அது. அதை மீட்க 468-இல் சென்ற பெரும் கப்பற்படையும் தோற்றது. வரி இல்லை, எனவே படைக்கு ஊதியம் இல்லை, எனவே மேலும் நிலம் பறிபோனது. 476-இல் ஓதோவாக்கர், ரோமுலுஸ் அகுஸ்துலுஸ் என்ற இளம் பேரரசரைப் பதவியிறக்கியபோது, மேற்குப் பேரரசு பெயரளவிலும் முடிந்தது.

இங்கே நாம் தலைகுனிய வேண்டிய ஒன்றும் உண்டு. மார்சேய் நகரக் குருவான சால்வியான், 440-களில் எழுதிய நூலில், செல்வந்தர்கள் தங்கள் வரிச்சுமையை ஏழைகள்மேல் ஏற்றினர் என்றும், அதைத் தாங்க முடியாமல் ஏழைகள் அயல் இனத்தாரிடமே தஞ்சம் புகுந்தனர் என்றும் கடிந்துரைக்கிறார். அந்தச் செல்வந்தர்களில் மிகப் பலர் திருமுழுக்குப் பெற்றவர்கள்.

கிழக்கு சொல்லும் பதில்

கிறிஸ்தவம்தான் பேரரசை வீழ்த்தியது என்றால், முதலில் விழுந்திருக்க வேண்டியது கிழக்குப் பகுதி. அங்கேதான் கிறிஸ்தவர்களும் துறவிகளும் மிகுதி. ஆனால் கான்ஸ்டான்டிநோபிள் 1453 மே 29 வரை நிலைத்தது. எகிப்தின் தானியமும் சிரியாவின் வளமும் பல நூற்றாண்டுகள் அதைத் தாங்கின. 413-இல் எழுந்த பெருமதில் அதைக் காத்தது. மேலும், உரோமையைக் கொள்ளையிட்ட கோத் இனத்தாரே ஆரியுஸ் கொள்கையைப் பின்பற்றிய கிறிஸ்தவர்கள்தாம். தூய பேதுரு, தூய பவுல் பேராலயங்களில் அடைக்கலம் புகுந்தவர்களை அவர்கள் தொடவில்லை. இந்த வீழ்ச்சிக்கு அறிஞர்கள் கூறியுள்ள காரணங்களைத் தொகுத்த ஜெர்மானிய வரலாற்றாசிரியர் அலெக்சாண்டர் டெமாண்ட், 1984-இல் 210 காரணங்களைப் பட்டியலிட்டார். ஒற்றைக் காரணம் தேடுபவர் ஏமாந்துதான் போவார்.

அகுஸ்தினார் காட்டும் வழி

அகுஸ்தினார் இரு தரப்பையும் திருத்தினார். கிறிஸ்துவுக்கு முன்னரே உரோமை சந்தித்த பேரழிவுகளைப் பட்டியலிட்டு, குற்றம் சாட்டியவர்களின் வாயை அடைத்தார். அதே வேளையில், கிறிஸ்தவப் பேரரசு வீழாது என்று எண்ணிய விசுவாசிகளின் மயக்கத்தையும் கலைத்தார். நீதி இல்லாத அரசு பெரியதொரு கொள்ளைக் கூட்டமே என்றார். எந்த அரசும், அது சிலுவையைக் கொடியில் ஏந்தினாலும், இறையாட்சி ஆகிவிடாது என்பதே அவர் கற்றுத்தந்த பாடம்.

சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளா என்று இயேசு கேட்டார் (லூக் 13:4-5). அடுத்தவரைச் சுட்டிய விரலை அவர் கேட்டவர்கள் பக்கமே திருப்பினார். நம் குடும்பத்தில், ஊரில், நாட்டில் துன்பம் வரும்போது, "யார் செய்த பாவம்?" என்று தேடும் பழக்கம் நம்மிடமும் உண்டு. "நான் எங்கே நீதி தவறினேன்?" என்று கேட்பதே ஆண்டவர் விரும்பும் கேள்வி.

பேரரசு சரிந்தபோது திருச்சபை செய்தது என்ன? ஹாட்ரியானோபிள் போரில் சிறைப்பட்டவர்களை மீட்க, மிலான் ஆயர் புனித அம்புரோசியார் திருப்பாத்திரங்களையே உருக்கி விற்றார். 452-இல் ஹூணர் தலைவன் அத்திலாவையும், 455-இல் வாண்டல் அரசன் கென்செரிக்கையும் திருத்தந்தை பெரிய லியோ படையின்றிச் சந்தித்து, மக்களுக்காக மன்றாடினார். பேரரசு மறைந்தது, அந்தப் பணி மறையவில்லை.

அடைக்கலம் தேடி நம் வாசலுக்கு வருபவரை நாம் எப்படி நடத்துகிறோம்? நம் சுமையை எளியவர் தோளில் ஏற்றுகிறோமா? நம் நம்பிக்கை அதிகாரத்தின்மீதா, ஆண்டவர்மீதா? இவ்வுலகில் நமக்கு நிலையான நகர் இல்லை (எபி 13:14) என்பதை மனத்தில் கொண்டு, இருக்கும் நகரில் நீதியோடு வாழ்வோம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக!