மலைவீட்டுக்குச் சிக்னல் பூஸ்டர் வாங்கலாமா?

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது சவூதியிலோ துபாயிலோ இருப்பார். இஷாவுக்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு வரும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல்கூட இருக்காது. வாசலுக்கு வந்தால் இரண்டு கோடு, எதிர்மேட்டில் ஏறினால் மூன்று கோடு. மழையிலும் குளிரிலும் அத்தாவின் குரலைக் கேட்கப் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு மேடேறுகிறார்கள்.

இதற்குத் தீர்வு என்று பலர் சொல்வது சிக்னல் பூஸ்டர். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊருக்கு வருபவரிடம் சொன்னால் பெட்டியில் வைத்தே கொண்டு வந்துவிடுவார். வாங்க வேண்டாம் என்பதே நம் கருத்து. அதற்கான காரணங்களையும், பூஸ்டர் இல்லாமலே வீட்டுக்குள் பேசும் வழிகளையும் பார்ப்போம்.

மலையில் சிக்னல் ஏன் நொண்டுகிறது?

தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டி சுமார் 2,240, குன்னூர் சுமார் 1,850. இடையில் மடிப்பு மடிப்பாகப் பள்ளத்தாக்குகள். செல்போன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகக்கூடியது. மலைமுகட்டைத் தாண்டிக் கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். அதனால் டவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும், முகட்டுக்குப் பின்னால் இருக்கும் எஸ்டேட் லைன் இருட்டில் கிடக்கிறது. லைன் வீடுகளின் தகரக் கூரையும் அலையை உள்ளே விடாது. அதனால்தான் வாசலில் வருவது அடுப்படியில் வருவதில்லை.

900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் மலையில் நன்றாகப் பரவும். 2,300 மெகாஹெர்ட்ஸ் வேகமான இணையம் தரும், ஆனால் தடை வந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒரே வீட்டில் ஒரு நிறுவனத்தின் சிம் பேச, இன்னொன்று ஊமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழியைப் பனிமூட்டத்தின் மேல் போடுவது நம் ஊர் வழக்கம். செல்போன் பயன்படுத்தும் அலைவரிசைகளைப் பனி பெரிதாகப் பாதிப்பதில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுகிறது, டவரின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. சிக்னல் செத்துப்போவது பெரும்பாலும் இப்படித்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட நாட்களில் எந்தப் பூஸ்டரும் உதவாது. டவரே அணைந்தபின் பெருக்குவதற்கு என்ன இருக்கிறது?

பூஸ்டர் என்ன செய்கிறது?

கூரை மேல் ஓர் ஆன்டெனா, நடுவில் பெருக்கி, வீட்டுக்குள் இன்னோர் ஆன்டெனா. வெளியே வரும் மெல்லிய சிக்னலைப் பிடித்து, பெருக்கி, உள்ளே விடுகிறது. நம் போன் பேசுவதையும் அதேபோல் பெருக்கி டவருக்கு அனுப்புகிறது. பெட்டியில் 70 டெசிபல் என்று எழுதியிருந்தால் ஒரு கோடி மடங்கு பெருக்கும் என்று பொருள். ஒவ்வொரு 10 டெசிபலும் பத்து மடங்கு.

பிரச்சினை இந்த இரண்டாவது வேலையில்தான். பள்ளிவாசலில் மைக்கை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டுபோனால் 'கூ'வென்று ஊளையிடும் அல்லவா? ஒலிபெருக்கியின் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் வருவது அது. கூரை ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் போதிய இடைவெளி இல்லாமல் இருந்தால் பூஸ்டரும் அப்படியே ஊளையிடும். நம் காதில் விழாது, டவரின் காதில் விழும். 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் சக்தியில்தான் பேசுகிறது. அதுவும் மலை தாண்டிப் போய்ச் சேரும்போது முணுமுணுப்பாகிவிடும். அந்த முணுமுணுப்பைக் கேட்கக் காது தீட்டிக்கொண்டிருக்கும் டவருக்குப் பக்கத்தில் ஒரு பூஸ்டர் ஊளையிட்டால், அந்த டவரை நம்பியிருக்கும் மற்ற வீடுகளின் அழைப்பெல்லாம் அறுந்துபோகும். பத்து அடி அகலமுள்ள லைன் வீட்டில் இரண்டு ஆன்டெனாவுக்கும் போதிய இடைவெளி விடவும் முடியாது.

நம் வீட்டு வசதிக்காகப் பக்கத்து லைனில் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் ஆம்புலன்ஸ் அழைப்பு அறுந்தால், அது அண்டை வீட்டாரின் உரிமை சம்பந்தப்பட்ட விஷயம். வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல.

சட்டம் சொல்வது

மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலை 1 அன்று பொதுமக்களுக்கு வெளியிட்ட அறிவிப்பில், உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் சிக்னல் பூஸ்டர் அல்லது ரிப்பீட்டர் வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று தெளிவாகச் சொன்னது. அனுமதியில்லாமல் ரேடியோ கருவி வைத்திருப்பது 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம். 2023இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இதற்கு முதல்முறை 50,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 2 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் குறிப்பிடுகிறது. 'ஆன்லைனில் பகிரங்கமாக விற்கிறார்களே' என்பது பதிலாகாது. கருவியைப் பறிகொடுப்பவர் வாங்கியவர்தான்.

யூடியூபில் அமெரிக்கர்கள் பூஸ்டர் மாட்டிக் காட்டுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே 2014 முதல், ஊளையிட்டால் தானே அணைந்துவிடும்படி வடிவமைத்துச் சான்று பெற்ற பூஸ்டர்களை மட்டும், நிறுவனத்திடம் பதிவு செய்து பயன்படுத்தலாம். பிரிட்டனிலும் 2018 முதல் நிபந்தனைகளுடன் அனுமதி உண்டு. இந்தியாவில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. வளைகுடாவிலிருந்து வருபவரிடம் பூஸ்டர் கேட்காதீர்கள். அனுமதியில்லாத சாட்டிலைட் போனைக் கொண்டு வருவது அதைவிடப் பெரிய வில்லங்கம்.

வீட்டுக்குள் பேச என்ன வழி?

முதலில் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குள் சிம் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் -95 டிபிஎம் என்பது போல் ஓர் எண் இருக்கும். -90 நல்லது, -100 சமாளிக்கலாம், -110க்கும் கீழே போனால் பேச்சு அறுபடும். இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வீடு முழுக்க, முக்கியமாக ஜன்னல் ஓரங்களிலும் பரணிலும் நடந்து பாருங்கள். ஏதோ ஓர் ஓரத்தில் 10, 15 எண் கூடுதலாக இருக்கும். அந்த ஓரம்தான் உங்கள் வீட்டின் டவர்.

சிம் போடும் 4ஜி வைஃபை ரவுட்டர் ஒன்றை அங்கே வையுங்கள். பழைய போனை ஹாட்ஸ்பாட் போட்டு வைத்தாலும் போதும். பிறகு உங்கள் போனில் 'வைஃபை காலிங்' வசதியை இயக்குங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. அழைப்பு வைஃபை வழியாகப் போகும். சாதாரண எண்ணுக்குச் சாதாரணமாகவே பேசலாம், தனிக் கட்டணம் இல்லை. வீட்டில் ஃபைபர் இணைப்பு கிடைக்கும் இடமென்றால் இன்னும் நல்லது. பூஸ்டர் செய்வதாகச் சொல்லும் வேலையை இது சட்டப்படி, பக்கத்து வீட்டுக்குக் கெடுதல் இல்லாமல் செய்துவிடும். கரண்ட் போனால் ரவுட்டரும் அணையும் என்பதால் அதற்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று மாட்டிவிடுங்கள். நீலகிரியில் அது ஆடம்பரம் அல்ல.

எந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் பக்கம் நன்றாக வருகிறது என்று பக்கத்து வீட்டாரின் போன்களை வைத்தே கண்டுபிடிக்கலாம். நிறுவனங்களின் இணையதளங்களில் கவரேஜ் வரைபடம் இருக்கிறது என்றாலும், ஒவ்வொரு மடிப்பிலும் என்ன கிடைக்கும் என்பதற்குப் பக்கத்து வீட்டுப் போன்தான் நம்பகமான சாட்சி. மாற வேண்டுமென்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்: 'போர்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு உங்கள் எண்ணையும் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும்.

அவசர அழைப்பு

இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு எந்த நிறுவனத்தின் டவர் எட்டினாலும் 112 போகும். 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று திரையில் வருவதன் பொருள் அதுதான். பந்தலூர், கூடலூர் எல்லைப் பகுதிகளில் போன் கேரள டவரைப் பிடித்தால், அழைப்பு கேரளக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரலாம். எடுத்தவுடன் 'தமிழ்நாடு, நீலகிரி மாவட்டம், பந்தலூர் தாலுகா' என்று தொடங்கி, எஸ்டேட் பெயரையும் டிவிஷனையும் சொல்லிவிடுங்கள். சிக்னல் நன்றாக வரும் அந்த ஓரம் எது என்பது இரவிலும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு வைஃபையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

டவரைக் கேட்டு வாங்குவது

வீட்டின் எந்த ஓரத்திலும் சிக்னல் இல்லையென்றால் டவர்தான் வேண்டும். முதலில் 198க்கு அழைத்துப் புகார் பதிந்து எண் வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த எண்ணை வைத்து நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம். அதன்பிறகு மத்திய அரசின் சிபிகிராம்ஸ் குறைதீர் தளம் இருக்கிறது. தனித்தனியாகப் புலம்புவதைவிட ஜமாஅத், எஸ்டேட் தொழிற்சங்கம், கோயில் கமிட்டி, சர்ச் எல்லாம் சேர்ந்து கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டு, திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுத்தால் கனம் கூடும். எத்தனை வீடுகள், அருகில் உள்ள பள்ளி எவ்வளவு தூரம், எங்கே என்ன டிபிஎம் என்று எழுதி இணைத்துவிடுங்கள். தொகுதி எம்.பி.க்கும் ஒரு பிரதி போகட்டும். 2024இல் இங்கே வென்ற ஆ. இராசா 2007 முதல் 2010 வரை தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர். டவர் என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

சிக்னல் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி, வேலையை பிஎஸ்என்எல்லிடம் கொடுத்தது. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் உண்டா என்று மனுவிலேயே கேளுங்கள். காட்டு நிலத்தில் டவர் வைக்க 1980ஆம் ஆண்டு வனச் சட்டப்படி ஒப்புதல் வேண்டும், அதற்கு நாளாகும். எஸ்டேட் பட்டா நிலத்தில் இடம் கிடைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும், இன்ஷா அல்லாஹ்.

இடம் தர நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'உங்கள் நிலத்தில் டவர், மாத வாடகை இவ்வளவு, முன்பணம் மட்டும் கட்டுங்கள்' என்று எஸ்எம்எஸ் வந்தால் அது மோசடி. டவருக்காக நிலத்துக்காரரிடம் டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ ஒரு ரூபாய்கூடக் கேட்பதில்லை.